கூத்துக் களரியில் கேமரா: காது சொல்லும்போது அழுத்துங்கள்

மேடைக் கலைஞர்களைப் படமெடுக்க விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். "அங்கே பாடப்போகும் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இசை நிகழ்ச்சியைப் படமெடுப்பது காதில் தொடங்கும் வேலை. அடுத்த நொடி மேடையில் என்ன நடக்கப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தாளம் அதை முன்கூட்டியே சொல்லிவிடும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடிய விடிய நடக்கும் கூத்து. ராக் இசை மேடைக்கோ கானா மேடைக்கோ கேமராவோடு போகிறவர்களுக்கும் இதே பாடம் உதவும்.

பட்டுக்கும் கோயில்களுக்கும் காஞ்சிபுரம் வந்துபோகும் கேமராக்கள் ஏராளம். ஊரைத் தாண்டி, திரௌபதி அம்மன் கோயில் திடலில் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும் கூத்தைத் தேடி வருபவை குறைவு. கோடையில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாரத விழா களைகட்டும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை ஒவ்வோர் இரவாக நகரும். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைக் கிடத்திப் படுகளம். அதன் பிறகு தீமிதி. மிருதங்கம், டோலக்கு, ஆர்மோனியம், முகவீணை, தாளம் என்று ஒரு முழு இசைக்குழு இரவு முழுக்க நிற்காமல் வாசிக்கும் இப்படியோர் அரங்கம் படமெடுப்பவருக்கு எளிதில் கிடைக்காது.

காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் பின்னிருந்து வளர்த்த அமைப்பு அது. 1990இல் தொடங்கியது. 2002இல் அவர்கள் தொடங்கிய குருகுலம் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்றுக்கொடுத்தது. ஆண்களே ஆடிவந்த, மரத்தால் செய்த அணிகளைப் பூணும் கட்டை வேஷங்களைப் பெண் பிள்ளைகளும் கட்டி ஆடினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்கள் இனி வரலாற்றுச் சான்றுகள். நீங்கள் இன்று எடுக்கும் படமும் நாளை அப்படி ஆகலாம் என்ற பொறுப்போடு, கூத்து ஆடும் களரிக்குப் போக வேண்டும்.

வேஷம் கட்டும் கொட்டகையில் தொடங்குங்கள்

கூத்து பத்து மணிக்கு என்றால் ஏழு மணிக்கே போய்விடுங்கள். முதலில் விழாக் குழுவினரையும், ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் வாத்தியாரையும் பார்த்து அனுமதி கேளுங்கள். "வாத்தியாரே, இன்னிக்கு என்ன கூத்து? யார் யார் என்ன வேஷம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய கதை உங்களுக்குத் தெரியாவிட்டால் அந்த இரவு கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். கர்ண மோட்சத்தில் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசும் இடம் எப்போது வரும், போர் எப்போது தொடங்கும் என்று தெரிந்தால்தான் எங்கே உட்கார வேண்டும் என்பதும் தெரியும்.

அரிதாரம் பூசும் நேரம் அமைதியானது. கையளவுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கலைஞர் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார். அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டிய பல்பு வெளிச்சத்தை உங்கள் தலை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் இங்கே போதும்.

பிளாஷ் வேண்டாம்

கட்டை வேஷக்காரர்களின் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கியவை; மேலே வண்ணம் பூசிச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பார்கள். கலைஞர் அசையும்போது ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு கணத்தில் மின்னும். கேமராவிலிருந்து நேராகப் பிளாஷ் அடித்தால் அத்தனை துண்டுகளும் ஒரேயடியாக வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். அரிதாரத்தின் ஆழமும் போய் முகம் தட்டையாகிவிடும். ஆடுபவரின் கண்ணும் கூசும். ராக் நிகழ்ச்சிகளிலும் புகைப்படக்காரர்களுக்கு உலகெங்கும் சொல்லப்படும் விதி இதுதான்: முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் அனுமதி, பிளாஷ் கூடாது. கூத்தில் மூன்று பாட்டுக் கணக்கு கிடையாது. பிளாஷ் விதியை நாமே விதித்துக்கொள்ள வேண்டும்.

எஃப் 1.8 அல்லது 2.8 வரை திறக்கும் லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200 முதல் 6400, ஷட்டர் 1/250 நொடி: இதிலிருந்து தொடங்கலாம். படத்தில் புள்ளி தட்டுமே என்று பயப்படாதீர்கள். புள்ளி தட்டிய கூர்மையான படம் நிற்கும். சுத்தமாக இருந்தும் கலங்கிப்போன படம் நிற்காது. ரா வடிவிலேயே எடுங்கள்.

மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, பின்னணி இருட்டு. கேமரா அந்த இருட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு முகத்தை வெளிறச் செய்துவிடும். ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள்; இல்லையேல் எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். இரண்டாவது, சிவப்பு. துரியோதனனின் சிவப்பு முகத்தில் மேடையின் சிவப்பு விளக்கும் விழுந்தால் நுணுக்கமெல்லாம் ஒரே திட்டாகிவிடும். பொதுவான ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். மூன்றாவது, விளக்குகளின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பந்தலில் கட்டிய பழைய டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/500இல் எடுத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வரலாம். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழலாம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100க்கு இறங்குங்கள். ஆன்டி ஃபிளிக்கர் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

வேஷங்கள் வருமுன் வாத்தியங்கள் மட்டும் முழங்கும் மேளக்கட்டு நடக்கும். இந்தச் சோதனைகளையெல்லாம் அப்போதே முடித்துவிடுங்கள்.

திரை விலகுமுன்

கட்டை வேஷம் களரிக்குள் நுழையும் விதம் தனி அழகு. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். அதன் பின்னால் நின்று கலைஞர் தன் பாத்திரத்தை அறிமுகம் செய்து பாடுவார். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் அசையும்; கீழே சலங்கை கட்டிய கால்கள் புழுதி கிளப்பும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வெளியே நின்று கேள்வி கேட்பான். திரையின் ஓரத்தை ஒரு கை பற்றும். பாதி முகம் எட்டிப் பார்த்து மறையும். தாளம் இறுகிக்கொண்டே போகும். திரை விலகும்.

பலர் திரை விலகும் நொடிக்காகவே காத்திருந்து அதற்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் தவறவிடுவார்கள். திரைக்குக் கீழே தெரியும் கால்களையும், திரையைப் பிடித்திருக்கும் கைகளையும், எட்டிப் பார்க்கும் அந்த ஒற்றைக் கண்ணையும் எடுங்கள். தரையோடு தரையாகக் கேமராவை வையுங்கள். வெளியே வந்த வேஷம் முதலில் பலமாகச் சுழன்று ஆடும். அப்போது ஷட்டரை 1/30க்கு இறக்கி, உடலோடு சேர்ந்து கேமராவையும் நகர்த்திப் பாருங்கள். பாவாடைக் குடை விரிந்து கோடுகளாகும். முகம் ஓரளவு தெளிவாக நிற்கும். இது ஒவ்வொரு முறையும் அமையாது. நிறைய எடுத்தால்தான் ஒன்று தேறும்.

பாட்டு எங்கே மூச்சு விடுகிறது

கூத்துப் பாட்டின் அமைப்பைக் கேட்டுப் பழகுங்கள். வேஷக்காரர் ஓர் அடியைப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். அவர் பாடும்போது மைக்கை ஒட்டியே நிற்க வேண்டும். மைக்கும் திறந்த வாயும் படத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியைப் பின்பாட்டு வாங்கியதும் அவருக்கு விடுதலை. மைக்கை விட்டு விலகி ஆடுவார், திரும்புவார், எதிராளியை முறைப்பார். உங்கள் நேரம் அதுதான். ராக் மேடையில் பாடகர் பல்லவியை முடித்து கித்தார் வாசிப்பவருக்கு வழிவிடும்போது நடப்பதும் இதுவே. கானாவும் பறையும் ராப்பும் கித்தாரும் கலந்து 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற பெரிய குழுவில், அடுத்த வரியை யார் எடுக்கப் போகிறார் என்று காது சொன்னால்தான் கேமரா சரியான ஆளிடம் இருக்கும்.

அடவு முடியுமிடமும் அப்படித்தான். பெரும்பாலும் மிருதங்கம் ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து நிறுத்தும். மூன்றாவது முறை தொடங்கியதும் விரலைத் தயாராக வையுங்கள். கடைசி அடியில் கலைஞர் குதித்தோ நிமிர்ந்தோ நிற்பார். கண்ணால் பார்த்தபின் அழுத்தினால் அது கடந்து போயிருக்கும்.

பெஞ்சில் இருப்பவர்களை மறக்காதீர்கள்

களரியின் பின்பக்கம் பெஞ்சில் வாத்தியக்காரர்கள் இருப்பார்கள். ஓர் ஊரில் முகவீணை வாசித்த பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து படமெடுத்தேன். இடைவேளையில் சீவாளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன தம்பி, வேஷத்தை விட்டுட்டு எங்களை எடுக்கிற? ராவெல்லாம் ஊதுறோம், எங்களை யாரும் எடுக்கறதில்ல."

அவர் சொன்னது உண்மை. வண்ணத்தில் மயங்கி எல்லாரும் வேஷத்தையே எடுக்கிறோம். முகவீணை சின்னக் கருவி. மூச்சு விடாமல் ஊதும்போது கன்னம் புடைத்து, கழுத்து நரம்பு தெறித்து நிற்கும். வாசிப்பவரின் கண்கள் ஆடுபவரின் காலிலேயே இருக்கும். அந்தப் பார்வைதான் குழுவைக் கட்டிப் பிடித்திருக்கிறது. 85 மி.மீ. லென்ஸில் அந்தக் கண்ணையும் புடைத்த கன்னத்தையும் எடுங்கள். பிறகு பெஞ்சுக்குப் பின்னால் போய், வாசிப்பவர்களின் முதுகு வழியாக ஆடுபவரையும் ஊர் மக்களையும் ஒரே சட்டத்தில் கொண்டுவாருங்கள். இசை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

விடியும்வரை இருங்கள்

நள்ளிரவுக்குள் படமெடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் கூத்தின் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மூன்று மணிக்கு மேல் போர்க் காட்சி சூடுபிடிக்கும். அரிதாரம் வியர்வையில் கரைந்து, உள்ளே இருக்கும் மனிதரின் முகம் வெளியே தெரியத் தொடங்கும். குரல் கம்மும், ஆட்டம் குறையாது. கிழக்கு வெளுக்கும்போது வானத்து நீலமும் பந்தல் விளக்கின் மஞ்சளும் சேரும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடான வெளிச்சம் எந்த அரங்கத்திலும் கிடையாது.

1967 ஜூன் 18 அன்று கலிபோர்னியாவின் மான்டெரே பாப் விழாவில் ராக் கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கித்தாருக்குத் தீ வைத்த காட்சியை அழியாப் படமாக்கியவர் எட் கேரஃப் என்ற 17 வயதுப் பையன். ஹென்ட்ரிக்ஸுக்காக ஃபிலிமை மிச்சம் வைத்திருந்ததால்தான் அந்தப் படம் கிடைத்தது. நீங்களும் மெமரி கார்டையும் பேட்டரியையும் விடியற்காலைக்கென்று மிச்சம் வையுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். காது கெட்டால் இந்த வேலையே இல்லை.

கேமராவை இறக்க வேண்டிய நேரம்

முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும்தான் இந்த இரவு சொந்தம். அவர்கள் பார்வையை மறித்து எழுந்து நிற்காதீர்கள். ஃபோகஸ் விளக்கையும் பீப் ஒலியையும் அணைத்துவிடுங்கள்; பின்திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

திரௌபதியின் துகிலை உரியும் காட்சியில் கற்பூரம் ஏற்றுவார்கள். பார்ப்பவர்களுக்கு ஆவேசம் வரும். சில பெண்கள் தலைவிரி கோலமாக நிலைமறந்து ஆடுவார்கள். அது அவர்களுக்கும் அம்மனுக்கும் இடையில் உள்ளது. நினைவு தப்பிய நிலையில் இருப்பவரிடம் அனுமதி கேட்க முடியாது. ஆகவே நான் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.

படம் அவர்கள் கைக்குப் போகட்டும்

ஜமாக்களுக்கு நல்ல படம் சோறு போடும். நோட்டீஸ் அடிக்கவும் பேனர் வைக்கவும் அடுத்த ஊரில் கூத்துப் பேசவும் அது வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நாலைந்து படங்களைப் பிரின்ட் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. விற்கவோ போட்டிக்கு அனுப்பவோ எண்ணமிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசு வந்தால் பங்கு கொடுங்கள்.

ஒவ்வொரு படத்தோடும் கலைஞரின் பெயர், வேஷம், ஜமா, ஊர், தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். 'தெருக்கூத்துக் கலைஞர், தமிழ்நாடு' என்ற ஒற்றை வரியோடு ஆயிரக்கணக்கான படங்கள் இணையத்தில் கிடக்கின்றன. கித்தார் வாசிப்பவரின் பெயரில்லாமல் எந்த ராக் பத்திரிகையும் படம் போடாது. முகவீணை வாசிப்பவருக்கும் அதே மரியாதை வேண்டும். அடுத்த கோடையில் காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு பக்கம் பாரத விழா நடந்தால் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து கேளுங்கள், எடுங்கள். கிளம்புமுன் பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.