நோபல் கிடைக்கவில்லை என்றால் பொய்யா?

எந்த அறிவியல் கூட்டத்துக்குப் போனாலும் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிடுகிறார்: "சார்பியல் வெறும் கணக்குதான் சார், இன்னும் நிரூபிக்கவில்லை. அதனால்தான் ஐன்ஸ்டைனுக்கு அதற்காக நோபல் தரவில்லை."

நோபல் தகவல் மட்டும் சரி. 1921ஆம் ஆண்டுப் பரிசு ஒளிமின் விளைவுக்காகத் தரப்பட்டது. அன்றைய பரிசுக் குழு தயங்கியது என்பதற்காக, பிறகு நடந்த நூறாண்டு சோதனைகள் இல்லையென்று ஆகிவிடுமா? ஒன்றையாவது படித்துவிட்டுப் பேச வேண்டாமா?

வேகமாகச் செல்லும் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதாகத் தெரியும் என்றார் ஐன்ஸ்டைன். இதைச் சோதிக்க இயற்கையே தந்த கடிகாரம் மியூவான். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது, சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் துகள் அது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளிவேகத்தில் பாய்ந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும்.

1960களின் தொடக்கத்தில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இரு அமெரிக்க இயற்பியலாளர்கள், சுமார் 1,900 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலை உச்சியில் மியூவான்களை எண்ணினார்கள். பிளாஸ்டிக் கட்டிக்குள் மியூவான் வந்து நின்றால் ஓர் ஒளிக்கீற்று, சிதைந்தால் இன்னொன்று. மணிக்குச் சுமார் 560 கிடைத்தன. பிறகு கடல்மட்டத்தில் எண்ணினார்கள். பழைய இயற்பியலின்படி ஏறத்தாழ 27தான் மிஞ்சியிருக்க வேண்டும். வந்து சேர்ந்தவையோ 400க்கும் மேல்! ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டைத் தாண்டிப் பாய்ந்த அவற்றின் கடிகாரம் அவ்வளவு மெதுவாக ஓடியிருக்கிறது. வெறும் கணக்கு இதைச் செய்யாது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களும் வேகத்தால் சற்று மெதுவானாலும், உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் மொத்தத்தில் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்துகின்றன. அதைச் சார்பியல்படி திருத்தித்தான் உங்கள் கைப்பேசி வழி காட்டுகிறது.

"எல்லாமே சார்பு என்று ஐன்ஸ்டைனே சொன்னார்" என்பதும் தவறு. ஒளிவேகம் யார் அளந்தாலும் ஒன்றே என்பதுதான் அவர் கொள்கையின் அடித்தளம். பள்ளியில் கணக்கில் தோற்றார் என்பது கட்டுக்கதை. பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதம் கற்றவர் அவர்.

ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இந்த மியூவான்களைத்தான் அளக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளோ பாடநூலில்கூட அவற்றைப் பார்ப்பது அரிது. கண்ணாடிப் பெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், உலர்பனி, ஒரு டார்ச் விளக்கு இருந்தால் மேகக்கலம் செய்துவிடலாம்; துகள்களின் தடம் வெள்ளை இழையாகக் கண்ணுக்கே தெரியும். ஆசிரியர்களே, காற்றோட்டமான அறையில், கையுறை போட்டுக்கொண்டு, இந்த ஆண்டே ஒன்று செய்து காட்டுங்கள்.