மூட்டு மாற்றிய பின் வீட்டில் ஆறு வாரம்

நெசவும் பயிர்த்தொழிலும் முழங்காலை நம்பிய தொழில்கள். குழித்தறியில் அமர்ந்து மிதி மிதிப்பவர்க்கும், வயலிற் குனிந்து நிமிர்பவர்க்கும், பனையேறிப் பழகியவர்க்கும் முதுமை முதலில் வந்து அமரும் இடம் மூட்டே. முன்னாளில் தைலமும் ஒற்றடமும் பயன்படாது போன பின் கோலூன்றுவதும், அதுவும் இயலாதபோது திண்ணையோடு தங்கிவிடுவதுமே வழியாக இருந்தன. இன்று தேய்ந்த பரப்பை நீக்கிச் செயற்கை மூட்டுப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை திருநெல்வேலி, நாகர்கோவில் ஆகிய நகரங்களில் நடைபெறுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உடையோர், இதுபற்றித் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆயினும் ஆஸ்பத்திரியில் முடிவது பாதி வேலையே. மற்றப் பாதி வீட்டில் நடைபெற வேண்டும். கூடங்குளத்திலிருந்து மேற்கண்ட இரு நகரங்களுள் எதற்குச் செல்வதாயினும் நெடுநேரப் பேருந்துப் பயணம். நாள்தோறும் சென்று பயிற்சி பெறுவது எவர்க்கும் இயலாது. ஆகவே உறுப்பினர் தமக்குத் தாமே பயிற்சியாளராதல் வேண்டும்.

சிகிச்சையின் தன்மையை முதலில் அறிவோம். தொடையெலும்பின் கீழ்முனையிலும் கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பகுதியை மெல்லியதாகச் சீவி எடுத்து, உலோகத்தால் ஆன கவசத்தைப் பொருத்துகின்றனர். பெரும்பாலும் அது கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகமாகும். இரண்டுக்கும் இடையே பாலிஎத்திலீன் என்னும் வழவழப்பான வில்லை அமைகிறது. இன்று வழங்கும் மூட்டின் முன்மாதிரி 1970களில் நியூயார்க் நகரில் உருவாயிற்று. அதனை வகுத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டவரான டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத். பிரதமர் வாஜ்பாய் அவர்களுக்கு 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இடக்காலுக்கும், 2001 ஜூனில் வலக்காலுக்கும் பம்பாய் பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சையைச் செய்தவரும் அவரே. இரண்டாவது சிகிச்சைக்கு அடுத்த மாதமே, எழுபத்தாறு வயதில், வாஜ்பாய் அவர்கள் ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபருடன் பேச்சு நடத்தினார். நாட்டின் பிரதமராயினும் முழங்காலை மடக்கி நீட்டும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது என்பது இங்குக் கவனிக்கற்பாலது.

செலவைப் பற்றி ஒரு சொல். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவிலை விதித்தது. கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு அப்பொழுது விதிக்கப்பட்டது வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்கு முன் விற்ற விலையில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மூட்டு எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்போர்க்கு, 2019இல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது: முழு மூட்டு மாற்றங்களில் நூற்றுக்கு 82 அளவு இருபத்தைந்து ஆண்டு நிலைக்கின்றன.

உலோகம் நிலைக்கலாம், அதனைச் சூழ்ந்த சதை இறுகிவிடலாம். இதுவே வீட்டில் நேரும் பெரிய நட்டம். கஞ்சியிட்ட பாவை ஈரம் உலர்வதற்குள் தூரிகையால் நீவிப் பிரிக்காவிடின் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும் என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுத்த மூட்டினுள்ளும் அவ்வாறே வடுத்திசு படிகிறது. தொடக்க வாரங்களில் நாள்தோறும் அசைத்து வந்தால் அது நெகிழ்ந்து இடங்கொடுக்கும். கிடந்த கிடையாய்க் கிடந்தால் இறுகிப் பிடிக்கும். பின்னர் மயக்கம் கொடுத்து வைத்தியர் வலிந்து மடக்க நேரிடும். அதுவும் முதல் மூன்று மாதத்திற்குள் செய்தால்தான் நற்பலன் தரும்.

இங்கே குறுக்கே நிற்பது பெரும்பாலும் பகையன்று, அன்பே. “அறுத்த உடம்பு, அசையாதே” என்று மகள் படுக்க வைப்பாள். வலிக்குமே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பாள். தலையணை சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கால் சற்றே மடங்கிய நிலையிலேயே பழகி, பின் நேராக நீளாமற் போகும். நீளாத கால் நொண்டும். தலையணை வைப்பதாயின் குதிகாலின் அடியில் வைக்க வேண்டும். முழங்கால் தன் பாரத்தால் தானே தாழ்ந்து நிமிரும்.

பயிற்சிகள் மூன்றே முதன்மையானவை. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை பாதத்தை மேலும் கீழும் அசைப்பது ஒன்று. இது கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் காக்கத் துணைபுரிகிறது. குதிகாலின் அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது மற்றொன்று. மூன்றாவதே கடினமானது. நாற்காலியில் அமர்ந்து, பாதத்தின் கீழ் ஒரு துணியை இட்டு, சிமெண்டுத் தரையில் பாதத்தை நாற்காலியின் அடிநோக்கி இழுக்க வேண்டும். வலி எழும் இடத்தில் சற்றே நிறுத்தி, மேலும் சிறிது முயல்க. குதிகால் எட்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடிட்டு, மறுநாள் அக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது நன்று. இரண்டு வார முடிவில் செங்கோணமாகிய 90 பாகையும், ஆறு வார முடிவில் 110 பாகை அளவும் மடங்குவது பொதுவாக எதிர்பார்க்கப்படுவதாகும். வலிமாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்னர் உட்கொள்க. வலி தாங்குவது வீரம் என்று மாத்திரையை மறுத்துப் பயிற்சியையும் கைவிடுவோர் உண்டு; அதில் வீரமும் இல்லை, பயனும் இல்லை. பயிற்சி முடிந்தபின் பனிக்கட்டியைப் பையிலிட்டுத் துணி சுற்றிக் கால்மணி நேரம் வைத்தால் வீக்கம் தணியும். மீனுக்கு இடும் பனிக்கட்டியாயின் பை கிழியாததாக இருத்தல் வேண்டும். ஈரம் தையலில் படலாகாது.

நடை முதல் நாளிலோ மறுநாளிலோ தொடங்கிவிடும். நம் பகுதி வீடுகளின் முற்றம் மணற்பாங்கானது. வாக்கரின் கால்கள் மணலிற் புதையும். ஆகையால் தொடக்கத்தில் தாழ்வாரத்திலேயே நடக்கவும். பின் கைக்கோலுக்கு மாறும்போது, அறுத்த காலின் பக்கமல்ல, எதிர்க்கையில் கோலைப் பிடிக்க வேண்டும். படியேறுகையில் நல்ல கால் முன்னே, இறங்குகையில் அறுத்த கால் முன்னே. நார்க்கட்டில் குழிவிழுந்து தாழ்ந்திருந்தால் அதனின்று எழுவது அரிது. இடுப்பு முழங்காலினும் சற்று உயர்ந்திருக்கும்படியான கட்டிலும், கையுள்ள நாற்காலியும் தேவை. கழிப்பறைக்குக் கம்மோடு நாற்காலி ஒன்றைச் சிகிச்சைக்கு முன்பே வாங்கி வைத்தல் நலம்.

பத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீனும் முட்டையும் சீழ் வைக்கும் என்று ஒதுக்கி, கஞ்சியும் துவையலுமாக வாரக்கணக்கில் தள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. புண் ஆறவும் தொடைத் தசை மீளவும் புரதம் இன்றியமையாதது. இடிந்தகரைக் கடலோரம் மீன் இருக்க, அறுத்தவர் மட்டும் பட்டினி கிடப்பானேன்? புலால் உண்ணாதார் பயறும் பருப்பும் பாலும் கூட்டிக்கொள்க. சர்க்கரை நோய் உடையவர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: கருப்பட்டியும் சர்க்கரையே. கருப்பட்டிக் காப்பி தீங்கற்றது என்று எண்ணிப் பருகினால் இரத்தத்தில் சர்க்கரை ஏறி, புண் ஆறுவது தாமதமாகும்.

மூட்டுச் சூடாகவும் வீங்கியும் சில மாதங்கள் இருப்பதும், வடுவின் வெளிப்புறம் மரத்திருப்பதும் இயல்பே. ஆனால் கெண்டைக்கால் திடீரெனக் கடுத்து வீங்கினாலும், தையலில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் செல்க. மூச்சுத் திணறினாலோ மார்பு வலித்தாலோ ஒரு கணமும் தாமதியாது 108க்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். உறைந்த இரத்தம் நுரையீரலை அடைந்திருக்கக்கூடும். வீங்கிய கெண்டைக்காலைத் தைலமிட்டு நீவுவது பேராபத்து. இரத்தம் உறையாதிருக்கத் தந்த மருந்தைக் குறித்த நாள்வரை நிறுத்தலாகாது.

வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பது, 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணிகளுள் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேட்கலாம்.

இனி, தொழிலுக்கு எப்பொழுது திரும்பலாம்? குழித்தறியில் அமர்ந்தபின் முழங்கால் செங்கோணத்தளவே மடங்கும். மிதித்தலும் இதமான அசைவே. இடர்ப்பாடு தரைமட்டத்தில் அமர்வதிலும் எழுவதிலும்தான் உள்ளது. ஆகவே பலகையை உயர்த்திச் சட்டத்தறிக்கு மாறுவதே நலம். அதுவரை மேசைமேல் இராட்டை வைத்துத் தார் சுற்றும் வேலையைச் சங்கம் ஒதுக்கித் தரலாம். பத்தமடைப் பாய் முடைவோர்க்கு நிலை கடினம். சம்மணமிடுவதையும் குந்துவதையும் பெரும்பாலான வைத்தியர்கள் தவிர்க்கச் சொல்கின்றனர். தாமிரபரணிப் பாசனத்து வயல்களின் வழுக்கும் வரப்பில் மூன்று மாதமேனும் கால் வைக்கலாகாது. பனையேறுவதோ இனி இல்லை. இதனை அறுவைக்கு முன்பே குடும்பத்தில் பேசி, எந்த வேலையை எவர் ஏற்பது என்று முடிவு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுக.