பிராய்லர் தீவனம்: எண்ணெயும் பொடியும் வீணாகாமல் இருக்க

கொல்லையில் ஐம்பது, நூறு பிராய்லர் வளர்க்கிற வீடுகளில் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போய்விடும். அந்தக் காசைக் கொஞ்சம் பிடித்து வைக்க உதவும் குறிப்புகள் இவை.

1. கடையில் வாங்கும் குருணைத் தீவனத்தில் எண்ணெய் ஏற்கெனவே கணக்காகச் சேர்த்திருப்பார்கள். "கோழி கொழுக்கட்டும்" என்று மேலே இன்னும் ஊற்றாதீர்கள். சத்து கூடினால் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே போகும் புரதமும் குறையும். கறி ஏறாது, வயிற்றில் மஞ்சள் கொழுப்புதான் கட்டும்.

2. நீங்களே மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கலக்குபவரா? 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ எண்ணெய் போதும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தந்தால் எண்ணெய் 9 தரும், அதனால் சிறிதளவே நிறைய வேலை செய்யும். லிட்டரில் அளக்காமல் தராசில் நிறுத்து ஊற்றுங்கள்.

3. முதல் இரண்டு வாரக் குஞ்சுக்குப் பித்தநீர் அவ்வளவாக ஊறாது, கெட்டிக் கொழுப்பு செரிக்காமல் எச்சத்தோடு போய்விடும். அதுவரை சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய். விலை குறைந்த பாமாயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. எண்ணெயை மொத்தக் குவியலில் ஊற்றினால் கட்டிகட்டியாகும். ஐந்து கிலோ சோள மாவில் முதலில் பிசறி, உள்ளங்கையால் தேய்த்து உதிர்த்து, அப்புறம் குவியலில் சேருங்கள். தூசியும் பறக்காது.

5. எண்ணெய் டின்னைத் தகரக் கூரையின் கீழ் வைக்கவே கூடாது. சூட்டில் சிக்கு வாடை வந்த எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யை அழித்துவிடும். குஞ்சு தலையைத் திருகிக்கொண்டு, கால் இழுத்து விழும். எண்ணெய் சேர்த்த தீவனத்தை ஒரு வாரத்துக்குத் தேவையான அளவே கலந்து வையுங்கள்.

6. பலகாரக் கடையில் மலிவாகத் தருகிறார்கள் என்று பொரித்த எண்ணெயை வாங்கவே வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ந்ததில் அது ஏற்கெனவே கெட்டிருக்கும்.

7. மில்லில் இருந்து வரும் பச்சைத் தவிடு சில நாளிலேயே கசந்துவிடும், ஏனென்றால் அதில் இருக்கும் நொதி எண்ணெயை உடைக்கிறது. இருப்பு வைக்க வேண்டுமானால் எண்ணெய் எடுத்த தவிடுதான் நல்லது.

8. சோளம் காய்ந்ததா என்று பார்க்க அருமையான வழி: ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் சோளத்தையும் காய்ந்த உப்பையும் போட்டு நன்றாகக் குலுக்கி, சற்று நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் வெயிலில் போடுங்கள்.

9. பூஞ்சணம் பிடித்த சோளத்தை டாக்சின் பைண்டர் என்ற நஞ்சு பிடிக்கும் பொடி போட்டுச் சரிக்கட்ட முடியாது. அந்தப் பொடி நல்ல சரக்குக்குக் காவல்தான். பச்சை படர்ந்த கடலைப் புண்ணாக்கு, சோளம் இரண்டையும் கழித்துவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும்.

10. வைட்டமின், தாதுக் கலவை போன்ற கிராம் கணக்குப் பொருளை ஒரு கிலோ மாவில் கலந்து, அதை ஐந்து கிலோவில் கலந்து, பிறகு முழுதாகக் கலக்குங்கள். கோலின் குளோரைடைத் தனி டப்பாவில் வையுங்கள். அது ஈரத்தை இழுத்து வைட்டமினைக் கெடுக்கும்.

11. கருவாட்டுத் தூள் சேர்த்தால் உப்பைக் குறையுங்கள், இல்லாவிட்டால் கோழி தண்ணீராகக் கழியும். விற்பதற்கு முந்தைய வாரம் அதை நிறுத்திவிட்டால் கறியில் மீன் வாடை வராது.

12. "சீக்கிரம் எடை ஏறும்" என்று யாராவது ஆன்டிபயாடிக் பொடி நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாப்பிடப் போவது நம் பிள்ளைகளும்தான். கோலிஸ்டின் மருந்தைக் கறிக்கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது.

13. மூட்டை லேபிளில் இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்தாக மோனென்சின், சாலினோமைசின் என்று இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றோடு டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் கோழி செத்துவிடும். விற்பனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதும் லேபிளிலேயே இருக்கும்.

14. மஞ்சள், பூண்டு கொடுக்கலாம். ஆனால் கூளம் ஈரமாக இருந்தால் எந்தப் பொடியும் இரத்தக் கழிச்சலைத் தடுக்காது, தினமும் கிளறிவிடுங்கள்.

15. சித்திரை வெயிலில் எண்ணெய் கைகொடுக்கும், அது செரிக்கும்போது உடம்பில் சூடு குறைவு. உச்சி வெயிலில் தீவனத்தை எடுத்துவிட்டு விடியலிலும் மாலையிலும் போடுங்கள்.

16. வாங்கிய சரக்கில் சந்தேகமா? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து கொடுங்கள்.

17. அறுப்பதற்கு முன் எட்டு மணி நேரம் தீவனம் வேண்டாம், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்வது சுலபம், ஒரு வேளைத் தீவனமும் மிச்சம்.