காலனியைப் பார்த்ததும் பேர் வைத்துவிடாதே!

மைக்ரோபயாலஜி லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சி, பிளேட்டில் பளபளவென்று ஒரு காலனி தெரிந்ததும் "இது கிளெப்சியெல்லா" என்று சொல்லிவிட உனக்கு வாய் துறுதுறுக்கும். கொஞ்சம் பொறு. நீ சொல்லும் பேரை நம்பித்தான் வார்டில் ஒருவருக்கு மருந்து ஏறப்போகிறது. அக்கா சொல்லும் இந்தச் சில விஷயங்களை மனதில் வாங்கிக்கொள்.

வந்த சாம்பிளை முதலில் சந்தேகத்தோடு பார். சிறுநீர் பாட்டிலில், எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா? வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் கிருமி பெருகி, எண்ணிக்கை தப்பாக வரும். உடனே கல்ச்சர் போட முடியாதென்றால் ஃபிரிட்ஜில் வை. 0.001 மி.லி. லூப்பால் போட்ட பிளேட்டில் 100 காலனி வந்தால், ஒரு மி.லி.யில் 1 லட்சம் என்று கணக்கு. தொற்று என்று கொள்ள 1950-களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் வகுத்த அளவு இந்த 1 லட்சம். ஆனால் நீர்க்கடுப்போடு வந்த பெண்ணுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் நோயாக இருக்கலாம். அதனால் ரெக்விசிஷன் தாளில் டாக்டர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எண்ணு. மூன்று நான்கு வகைக் காலனிகள் கலந்து வந்தால், சாம்பிள் எடுத்த விதம் சரியில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தயங்காமல் மறுபடி கேள்.

சளி என்று அனுப்புவதில் பாதி எச்சிலாக இருக்கும். கிராம் ஸ்டெயின் செய்த ஸ்லைடைக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்துப் பார். ஒரு ஃபீல்டில் வாய்த்தோல் செல்கள் 10-க்கு மேல் இருந்தால் அது எச்சில்; 25-க்கு மேல் சீழ் செல்கள் இருந்து தோல் செல்கள் குறைவாக இருந்தால்தான் நல்ல சளி. "வாயை நல்லா கொப்பளிச்சிட்டு, மூச்சை ஆழமா இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கம்மா" என்று நீயே போய்ச் சொல். இந்த ஒரு வாக்கியம் பல வீண் கல்ச்சர்களைத் தவிர்க்கும். ரத்த கல்ச்சர் என்றால், ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் எடுத்ததா, பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மி.லி. வரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இப்போது கிராம் ஸ்டெயின். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் கண்டுபிடித்துச் சொன்ன முறை. எத்தனை மெஷின் வந்தாலும் இதற்கு ஈடில்லை என்பது என் கருத்து. கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம். இவை இரண்டிலும் தப்பு நடப்பது குறைவு. அசிட்டோன் ஊற்றும் அந்தச் சில விநாடிகளில்தான் எல்லாம் இருக்கிறது. கூடுதலாக ஊற்றினால் கிராம் பாசிட்டிவ் கிருமியும் நிறம் இழந்து சிவந்துவிடும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் நெகட்டிவ் கிருமியும் ஊதாவாகவே நிற்கும். சீழ் ஸ்லைடில் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன்: கிருமியைத் தேடுவதற்கு முன் சீழ் செல்களின் உட்கருவைப் பார். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவாக இருந்தால் நிறம் சரியாக நீங்கவில்லை, அந்த ஸ்லைடை நம்பாதே. கல்ச்சரிலிருந்து ஸ்மியர் போடும்போது, அதே ஸ்லைடின் ஒரு ஓரத்தில் தெரிந்த ஸ்டெஃபைலோகாக்கஸையும் மறு ஓரத்தில் ஈ.கோலையையும் வைத்துச் செய். பழைய கல்ச்சர் வேண்டாம். நாள்பட்ட கிராம் பாசிட்டிவ் செல்கள் நிறத்தைப் பிடித்து வைத்திருக்காது.

பிளேட்டின் மூடியில் எழுதாதே, அடிப்பக்கத்தில் எழுது, மூடி மாறிப்போகும். இன்குபேட்டரில் கவிழ்த்து வை, இல்லையென்றால் மூடியில் கோர்க்கும் நீர் சொட்டிக் காலனிகளைக் கலைத்துவிடும். அகார் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1881-இல் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேவுக்கு, ஜெலட்டின் வெப்பத்தில் உருகித் தொல்லை கொடுத்தது. சமையலறையில் அகாரைப் பயன்படுத்திவந்த அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நாம் பாலில் காய்ச்சிச் சாப்பிடும் கடல்பாசியும் இதே பொருள்தான். தினமும் உன் கையில் இருக்கும் பிளேட்டுக்குக் காரணமான பெண்ணின் பேரை மறக்காதே.

தனிக் காலனி கிடைக்காமல் எந்த டெஸ்டும் தொடங்காதே. இரண்டு கிருமி கலந்திருந்தால் எல்லா டெஸ்டும் குழப்பும். கேட்டலேஸ் பார்க்க பிளட் அகாரிலிருந்து எடுத்தால் மேலோட்டமாக மரக்குச்சியால் தொட்டு எடு. ரத்த அணுக்களிலேயே கேட்டலேஸ் இருப்பதால், அகாரைச் சேர்த்துச் சுரண்டினால் நுரை பொங்கி ஏமாற்றும். ஆக்சிடேஸுக்கு நிக்ரோம் லூப் ஆகாது, அதுவே பொய்யான பாசிட்டிவ் கொடுக்கும். 10 விநாடிக்குள் ஊதா வந்தால்தான் கணக்கு, அப்புறம் வருவதை விட்டுவிடு. டியூப் கோயாகுலேஸை 4 மணி நேரத்தில் கட்டாயம் பார்; சில ஸ்டெஃபைலோகாக்கஸ் உறைந்த கட்டியை ராத்திரிக்குள் கரைத்துவிடும்.

ஆன்டிபயாடிக் சென்சிடிவிட்டியில் முல்லர் ஹின்டன் அகார் 4 மி.மீ. ஆழம், கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல். கண்ணளவில் போடாதே. கரைசல் நீர்த்துப் போனால் வளையம் பெரிதாகி, வேலை செய்யாத மருந்தை வேலை செய்யும் என்று காட்டும். கெடுதலில் பெரிய கெடுதல் அதுதான்.

சூடோமோனாஸ் பிளேட்டில் திராட்சை வாசனை வரும், முகர்ந்து பார் என்று யாராவது சொல்வார்கள். எந்தப் பிளேட்டையும் முகராதே. புருசெல்லா மாதிரிக் கிருமிகள் மூச்சு வழியாகவே லேப் ஆட்களைத் தொற்றும். முடிந்த பிளேட்டுகளை ஆட்டோகிளேவ் செய்யாமல் லேபுக்கு வெளியே அனுப்பாதே.

கடைசியாக, நீ நிச்சயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கிருமி: பர்க்கோல்டேரியா சூடோமாலி. அது தரும் மெலியாய்டோசிஸ் நோயை 1912-இல் ரங்கூனிலிருந்து விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் விரிவாக எழுதினார்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில், வயலில் இறங்குபவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அதிகம் பிடிப்பது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறது. ஆக்சிடேஸ் பாசிட்டிவ், மெக்கான்கியில் முதலில் நிறமில்லாத காலனி. பார்த்தவுடன் "ஏதோ ஒரு சூடோமோனாஸ், வெளியிலிருந்து கலந்தது" என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்தால் காலனி உலர்ந்து சுருங்கி மடிப்பு விழும். கிராமில் இரு முனையும் நிறமேறி ஊக்கு மாதிரி தெரியும். இதற்கு 10 முதல் 14 நாளாவது ஊசி மருந்தும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் தேவை. பேர் தப்பினால் அந்தச் சிகிச்சையும் தப்பிவிடும்.

சர்க்கரை நோயாளியின் சீழிலோ ரத்தத்திலோ இப்படிப்பட்ட கிருமி வளர்ந்து, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமாக்சிக்ளாவுக்கு அடங்கினால், பிளேட்டை மூடி டேப் ஒட்டு. திறந்த மேசையில் வேலை செய்யாமல் பாதுகாப்புக் கேபினெட்டுக்குக் கொண்டுபோ, மூத்தவரைக் கூப்பிடு. அன்றைக்கே வார்டுக்கு போன் போய்விட வேண்டும், அச்சடித்த ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதே.