கார்புரேட்டரின் சுவாசக் குழாய்: அதன் வேலையும், காற்று வடிகட்டியின் கீழ் அதனைப் பொருத்தும் முறையும்

பெட்ரோல் யந்திரத்தில் எரிபொருளையும் காற்றையும் தக்க விகிதத்தில் கலந்து சிலிண்டருக்கு அனுப்பும் சாதனமே கார்புரேட்டர். 1893-ஆம் ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், ஜெர்மானியரான மைபாக்கும் தனித்தனியே தெளிப்பு முறைக் கார்புரேட்டரை உருவாக்கினர். 2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் வண்டிகளில் எரிபொருளைப் பீச்சும் முறையே வழக்கமாகிவிட்டது. எனினும் பழைய ஜீப்புகள், அம்பாசடர் கார்கள், ஸ்கூட்டர்கள், சிறு பம்பு செட்டுகள் ஆகியவற்றில் கார்புரேட்டர் இன்றும் உழைத்து வருகிறது. அதன் உறுப்புகளில் மிகச் சாதாரணமாகத் தோன்றி, பழுதுபார்ப்பவரின் கவனத்திற்குத் தப்பிவிடுவது சுவாசக் குழாய் ஆகும்.

பெட்ரோல் எவ்வாறு மேலேறுகிறது?

கார்புரேட்டரின் பக்கத்தில் மிதவை அறை என்னும் சிறு தொட்டி உண்டு. மிதவையும் ஊசி வால்வும் அதில் பெட்ரோலின் மட்டத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்கின்றன. காற்று செல்லும் பாதை நடுவில் குறுகியிருக்கிறது. இக்குறுகிய கழுத்தில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. பெட்ரோல் கழுத்தினால் இழுக்கப்படுகிறது என்று மாணவர்கள் கூறுவதுண்டு. உண்மையில் அது தள்ளப்படுகிறது. மிதவை அறையில் பெட்ரோலின் மேலுள்ள காற்று அதனை அழுத்திக் கழுத்தை நோக்கிச் செலுத்துகிறது. அவ்வாறு அழுத்தும் காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும். அவ்வழியே சுவாசக் குழாய்.

வகுப்பில் இதனை விளக்க இளநீர் ஒன்று போதும். ஒரு சிறு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் நீர் விட்டுவிட்டுச் சொட்டும். மற்றொரு துளை இட்டவுடன் தாரையாக ஒழுகும். விழிஞ்சம் முதலிய கடற்கரை ஊர்களில், படகின் வெளிப்புறம் பொருத்தும் யந்திரத்திற்குரிய எரிபொருள் தொட்டியின் மூடியில் ஒரு காற்றுத் திருகு காணப்படும். அதனைத் திறக்க மறந்து கடலுக்குச் சென்றால், யந்திரம் சிறிது தூரம் ஓடிய பின் நின்றுவிடும். இரண்டிலும் தத்துவம் ஒன்றே.

குழாயின் வாய் எங்கே இருத்தல் வேண்டும்?

சில பழைய கார்புரேட்டர்களில் இவ்வாய் வெளிக்காற்றில் திறந்திருக்கும். மற்றவற்றில் வடிகட்டியின் உட்புறத்தில், அதாவது தூய்மையான காற்று உள்ள பக்கத்தில், திறக்கும். இவ்வேறுபாட்டின் பலனை ஒரு கணக்கால் அறியலாம்.

கழுத்தில் காற்றின் வேகம் விநாடிக்கு 100 மீட்டர் என்று கொள்வோம். திருவனந்தபுரத்தைப் போன்ற வெப்பமான கடற்கரை நகரில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.16 கிலோகிராம். ஆகவே கழுத்தில் அழுத்தக் குறைவு ஏறக்குறைய 5,800 பாஸ்கல் ஆகும். இது 80 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்ரோல் நிரலைத் தாங்கக்கூடியது. இப்பொழுது செம்மண் புழுதி படிந்து வடிகட்டி அடைபட்டு, அதிலேயே 1,000 பாஸ்கல் அழுத்தம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயின் வாய் வெளியே இருந்தால், பெட்ரோலைத் தள்ளும் அழுத்த வேறுபாடு 6,800 பாஸ்கலாக உயரும். பெட்ரோலின் ஓட்டம் இவ்வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததாதலால், அதே அளவு காற்றுக்குப் பெட்ரோல் சுமார் 8 சதவீதம் மிகுதியாகச் செலவாகும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் 13.6 ஆகக் குறையும்.

வாய் வடிகட்டியின் உள்ளே இருந்தால், மிதவை அறையிலும் கார்புரேட்டரின் முகப்பிலும் அழுத்தம் ஒரே அளவில் குறையும். வேறுபாடு 5,800 பாஸ்கலாகவே இருக்கும், கலவை கெடாது. இக்காரணத்தால் இதற்குச் சமநிலைக் குழாய் என்றும் பெயர் கூறுவர். மேலும், புழுதி மிதவை அறையில் புகுந்து ஜெட்டுகளை அடைப்பதும் இதனால் தடுக்கப்படுகிறது.

மலைப் பாதையில்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தை அடைகிறது. ஏற்றத்திலும் வளைவிலும் மிதவை அறையிலுள்ள பெட்ரோல் ஒரு பக்கம் சாயும். சுவாசக் குழாய் குட்டையாக இருந்தால் பெட்ரோல் அதன் வழியே காற்றுப் பாதையில் வழிந்து யந்திரத்தைத் திணறச் செய்யும். குழாயை உயரமாக அமைப்பதன் நோக்கம் இதுவே. ஆனால் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் கலவை ஏறக்குறைய 5 சதவீதம் செறிவு கூடுவதைச் சமநிலைக் குழாயும் தடுப்பதில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் ஊழியர்க்கு அவசியம்.

பொருத்தும் முறை

வேறு வண்டியின் வடிகட்டியையோ, உயரம் குறைந்த வடிகட்டியையோ பொருத்தும்பொழுது அதன் மூடி குழாயின் வாயை நெருங்கி அடைத்துவிடக்கூடும். அடைபட்டால், மிதவை அறைக் காற்று தன் அழுத்தத்தை இழந்து, வேகத்தில் பெட்ரோல் போதாமல் யந்திரம் தும்மும். யந்திரம் சூடேறினாலோ, உள்ளே அடைபட்ட ஆவி பெட்ரோலை ஜெட்டின் வழியே வெளியே தள்ளும். சூடான யந்திரத்தின்மேல் பெட்ரோல் வழிவது தீ விபத்துக்கு இடமளிப்பதாகும்.

மூடிக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி குழாயின் உள்விட்டத்தில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே, காற்று நுழையும் பரப்பு குழாயின் பரப்புக்குச் சமமாகிவிடும். ஆனால் அது கடைசி எல்லை. இடைவெளி உள்விட்டத்திற்குக் குறையாமல் இருத்தல் நலம். உதாரணமாக, 8 மில்லிமீட்டர் குழாய்க்கு 2 மில்லிமீட்டர் எல்லை. 8 மில்லிமீட்டர் தக்க அளவு.

இதனை அளக்க, யந்திரம் ஆறியபின் குழாயின் வாய்மேல் சிறிது களிமண் உருண்டையை வைத்து, மூடியை முழுவதும் இறுக்கிப் பின் கழற்ற வேண்டும். அமுங்கிய களிமண்ணின் கனமே இடைவெளியாகும். அளந்தபின் களிமண்ணைத் துளியும் விடாமல் அகற்றுதல் வேண்டும்.

இடைவெளி போதாவிட்டால், உயரமான வடிகட்டியையோ, வடிகட்டியின் அடியில் ஒரு வளையத்தையோ உபயோகிக்கலாம். மூடியில் துளையிடுதல் கூடாது. வடிகட்டாத காற்று நேரே யந்திரத்தினுள் செல்லும். குழாயை ரப்பர் குழல் கொண்டு வெளியே நீட்டுதலும் கூடாது; மேலே கணக்கிட்ட நஷ்டம் அதனால் திரும்ப வரும். குழாயின் நுனியைச் சரிவாக வெட்டியிருப்பது, மூடி நெருங்கினாலும் வாய் முழுவதும் அடைபடாதிருக்க உதவும். அச்சரிவை அரத்தால் சமன் செய்துவிடலாகாது. வெட்டும் வேலை தவிர்க்க முடியாததாயின், கார்புரேட்டரைக் கழற்றி வைத்தே செய்தல் வேண்டும். இல்லையேல் உலோகத் தூள் மிதவை அறையில் விழும்.

சோதனை

ஒளி புகும் பிளாஸ்டிக் குழலை ஆங்கில யூ எழுத்தைப் போல் வளைத்து நிறமிட்ட நீரை ஊற்றி, ஒரு முனையை வடிகட்டியின் உட்புறத்துடன் இணைத்து, மறுமுனையைத் திறந்துவிடுக. யந்திரம் வேகமாக ஓடும்பொழுது இரு புயங்களின் நீர் மட்டங்களுக்கிடையே 10 சென்டிமீட்டர் வேறுபாடு காணப்பட்டால், அது கணக்கில் கண்ட 1,000 பாஸ்கலுக்குச் சமமாகும். வடிகட்டியைச் சுத்தம் செய்தோ மாற்றியோ மீண்டும் அளந்து, இரு அளவுகளையும் தேதியுடன் வண்டியின் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். மழைக் காலத்தில் ஈரமேறிய காகித வடிகட்டியும் இவ்வாறே அடைபடுமாதலால், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பின்னும் இச்சோதனையை ஒருமுறை செய்தல் நன்று. சோதனையின்போது புகை பிடித்தலும் திறந்த விளக்கைப் பயன்படுத்துதலும் அறவே விலக்கத் தக்கவை.