இமை தொங்கினால் நெஞ்சையும் பார்க்கணும்

சாயங்காலமானால் அம்மாவுக்கு இமை தொங்குகிறது. தோட்டத்தில் அதை ‘வேலைக் களைப்பு’ன்னு விட்டுவிடுகிறோம். சில சமயம் அது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய். அந்த நோயாளிகளில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கு மார்பெலும்புக்குப் பின்னால் தைமோமா என்ற அபூர்வக் கட்டி இருக்கும்.

சின்னக் கட்டி என்றால் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் போதும். இதய உறையையோ பெரிய இரத்தக் குழாயையோ பிடித்துக்கொண்டால் கத்தி மட்டும் பத்தாது. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி, பிறகு வெட்டி எடுப்பார்கள். மிச்சம் இருக்கலாம் என்றால் கதிர்வீச்சு. பல கோணங்களிலிருந்து கதிரைக் குவித்தால் இதயத்தில் படுவது குறையும் (எங்க இன்ஜினியரிங் கணக்குதான்!).

தானா ராத்தா மருத்துவமனைக்குக் கிளம்புமுன், முதல் நாள் சாயங்காலமே முகத்தைப் போனில் படம் எடுத்து வைங்க. காலையில் இமை நேராகியிருக்கும்.