கட்டங்களால் அளக்கும் நகரம்

நுழையும்முன்

தொலைவை அளக்க மைலும் கிலோமீட்டரும் இருக்கின்றன. எனினும், வழி கேட்போரிடம் மக்கள் அவ்வளவைகளையே எப்போதும் சொல்வதில்லை. ‘கூப்பிடு தூரம்’, ‘நாலு வீடு தள்ளி’ எனத் தாம் வாழும் இடத்தையே அளவுகோலாக்கிக் கொள்கின்றனர். அமெரிக்க நகரங்களில் அவ்வாறு வழக்கில் நிலைத்த ஓர் அளவையையும், அதன் வழியே புலப்படும் நகர வாழ்வையும் இப்பாடம் விளக்குகிறது.

எண்ணினால் போதும்

நியூயார்க் நகரின் மான்ஹாட்டன் பகுதியில் ஒருவர் நூலகத்திற்கு வழி கேட்டால், ‘வடக்கே ஐந்து பிளாக்’ என்பது போன்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். நாற்புறமும் தெருக்களால் சூழப்பட்ட நிலப்பகுதி பிளாக் எனப்படும். அதனைத் தமிழில் ‘கட்டம்’ எனலாம். ஒரு தெருச்சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புவரை நடந்தால் ஒரு கட்டம் கடந்ததாகக் கணக்கு. இவ்வளவைக்குக் கருவி எதுவும் வேண்டா. தெருக்களை எண்ணத் தெரிந்தால் போதும்.

மான்ஹாட்டனில் வடக்கு தெற்காக நடக்கும்போது ஏறத்தாழ 20 கட்டங்கள் ஒரு மைலாகும். 14ஆம் தெருவிலிருந்து 34ஆம் தெருவுக்குச் செல்பவர் ஏறக்குறைய ஒரு மைல் நடந்திருப்பார். ஒரு மைலை 20 நிமிடத்தில் நடப்பவருக்கு ஒரு கட்டம் ஒரு நிமிடமாகும். இவ்வாறு, தெருவின் எண்ணே தொலைவையும் நேரத்தையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

தாளில் பிறந்த தெருக்கள்

இவ்வொழுங்கு இயல்பாக அமைந்ததன்று. 1807ஆம் ஆண்டில் நியூயார்க்கின் எதிர்கால வளர்ச்சியைத் திட்டமிடக் கூவர்னர் மாரிஸ், ஜான் ரதர்ஃபர்டு, சைமியன் டி விட் ஆகிய மூவர் அடங்கிய ஆணையம் அமைக்கப்பட்டது. அவர்களின் திட்டம் 1811ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தை எட்டவில்லை. மான்ஹாட்டன் தீவின் தென்முனையிலேயே பெரும்பாலோர் வாழ்ந்தனர். வயல்களும் குன்றுகளும் ஓடைகளும் நிறைந்திருந்த எஞ்சிய நிலத்தின்மீது நெடுக்காக 12 அகன்ற சாலைகளும் குறுக்காக 155 தெருக்களும் வரைபடத்தில் இடப்பட்டன. நேர்கோட்டுச் சுவர்களும் செங்கோண மூலைகளும் உடைய வீடுகளே கட்டுவதற்குச் செலவு குறைந்தவை, வாழ்வதற்கு ஏற்றவை என ஆணையத்தினர் கருதினர்.

கோடுகளைத் தாளிலிருந்து தரைக்குக் கொண்டுவந்தவர் நில அளவையாளர் ஜான் ராண்டல். தம் நிலத்தின் ஊடே தெரு வருவதை விரும்பாத உரிமையாளர்கள் அவர்மீது அத்துமீறி நுழைந்ததாக வழக்குத் தொடுத்தனர். அவர் கைதாகவும் நேர்ந்தது. ஆயினும், தெருச்சந்திப்புகள் அமையவேண்டிய இடங்களில் 1,500க்கும் மேற்பட்ட சலவைக்கற்களை அவர் நட்டு முடித்தார். திட்டத்திற்குப் பணியாத பழைய வழி ஒன்றும் உண்டு. தொல்குடி மக்கள் நடந்த தடத்தையொட்டி வளர்ந்த பிராட்வே சாலை, கட்டங்களைக் குறுக்கே வெட்டியவாறு இன்றும் சாய்ந்தே செல்கிறது.

ஒரு சொல், பல நீளம்

மீட்டர் உலகெங்கும் ஒரே நீளமுடையது. கட்டமோ ஊருக்கு ஊர் மாறுவது. மான்ஹாட்டனிலேயே வடக்கு தெற்காக ஒரு கட்டம், தெருவின் அகலம் நீங்கலாக, ஏறத்தாழ 200 அடிதான். கிழக்கு மேற்காகவோ அது சில இடங்களில் 600 அடியையும் சில இடங்களில் 900 அடியையும் தாண்டும். எனவே, ‘ஐந்து கட்டம்’ எனச் சொல்பவர் திசையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சிகாகோவில் எட்டுக் கட்டங்கள் ஒரு மைலாகும். அங்கு 1909ஆம் ஆண்டில் கதவெண்கள் சீரமைக்கப்பட்டன. ஸ்டேட், மேடிசன் ஆகிய தெருக்கள் சந்திக்கும் இடம் சுழியமாகக் கொள்ளப்பட்டது. அங்கிருந்து ஒரு மைலுக்கு 800 எண்கள் வீதம் வழங்கப்பட்டன. ஆகவே, ‘வடக்கு 2400’ என்னும் முகவரி மேடிசன் தெருவிலிருந்து மூன்று மைல் தொலைவில் உள்ளது என உடனே அறியலாம். தெற்கே முதல் மூன்று மைல்களில் மட்டும் இக்கணக்குப் பொருந்தாது.

ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்டு நகர மையத்தில் கட்டத்தின் ஒரு பக்கம் 200 அடி, தெருவின் அகலம் 60 அடி. 1847ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்ட சால்ட் லேக் நகரிலோ ஒரு பக்கம் 660 அடி, சாலையின் அகலம் 132 அடி. ஆகவே, இங்கு ஒரு கட்டம் நடப்பவர் போர்ட்லண்டில் மூன்று கட்டம் நடந்ததற்கு ஈடான தொலைவைக் கடந்திருப்பார். தென் அமெரிக்காவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் ‘குவாத்ரா’ எனப்படும் கட்டம் ஏறத்தாழ 100 மீட்டர். ஒவ்வொரு கட்டத்திற்கும் 100 கதவெண்கள் ஒதுக்கப்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்

எட்மண்டு குந்தர் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங். எட்டு பர்லாங் ஒரு மைல். சால்ட் லேக் நகரின் கட்டம் சரியாகப் பத்துச் சங்கிலி. அதன் சாலை இரண்டு சங்கிலி. சிகாகோவில் மைலுக்கு எட்டாக அமையும் கட்டம் ஒரு பர்லாங்கே. இந்திய நில அளவையிலும் இச்சங்கிலி பயன்பட்டது. தமிழ்நாட்டு முதியோர் பேச்சில் வழங்கும் ‘ஒரு பர்லாங் தூரம்’ என்பதும் இவ்வளவையைச் சார்ந்ததே.

நடப்பவரின் கணக்கு

கட்டடங்களை ஊடுருவி எவரும் நடக்க இயலாது. கிழக்கே மூன்று கட்டமும் வடக்கே நான்கு கட்டமும் தள்ளியுள்ள இடத்திற்கு நேர்கோட்டில் ஐந்து கட்டத் தொலைவுதான் எனப் பிதாகரசு தேற்றம் கூறும் (கட்டங்கள் சதுரமாயின்). நடப்பவருக்கோ அது ஏழு கட்டம். இவ்வாறு கணக்கிடப்படும் தொலைவைக் கணிதவியலார் ‘மான்ஹாட்டன் தொலைவு’ என்பர். இவ்வகை வடிவியலுக்கு வித்திட்டவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி.

கட்டத்தின் அளவு மாறினால் நடப்பவரின் உரிமையும் மாறுகிறது. கிழக்கே நான்கு, வடக்கே நான்கு எனக் கட்டங்களைக் கடக்கவேண்டிய ஒருவருக்குச் சம நீளமுள்ள 70 வழிகள் உள்ளன. அதே நிலத்தில் கட்டத்தின் பக்கம் இருமடங்கானால், அவர் கடக்கவேண்டியவை இரண்டும் இரண்டுமாகக் குறையும். வழிகளோ ஆறாகச் சுருங்கிவிடும். நடக்கும் தொலைவில் ஓரடியும் குறைவதில்லை. தேர்வு மட்டுமே குறைகிறது.

இவ்வுண்மையின் சமூகப் பொருளை எடுத்துரைத்தவர் ஜேன் ஜேக்கப்ஸ். அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வையும் அழிவையும் பற்றி 1961ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், பெரும்பாலான கட்டங்கள் குறுகியனவாக இருத்தல் வேண்டும் என வாதிட்டார். நீண்ட கட்டத்தில் வாழ்பவர் நாள்தோறும் ஒரே வழியில் செல்ல நேர்கிறது. அடுத்த தெருவில் வாழ்வோரை அவர் காண்பதே அரிது. இடையே ஒரு தெரு திறந்தால் வழிகள் பெருகும். மக்கள் கலந்து பழகுவர். சிறு கடைகள் பிழைக்கும் என்பது அவர் கருத்து. மான்ஹாட்டனிலேயே 1830களில் நீண்ட கட்டங்களைப் பிளந்து லெக்சிங்டன், மேடிசன் சாலைகள் சேர்க்கப்பட்டன.

சால்ட் லேக் நகரின் 132 அடிச் சாலையைக் கடக்க, நொடிக்கு 4 அடி நடப்பவருக்கே 33 நொடி ஆகும். முதியவருக்கும் ஊன்றுகோல் ஏந்தியவருக்கும் அது போதாது. ஓட்டுநர்களின் கண்ணில் படுமாறு ஏந்திச் செல்வதற்கென அந்நகரின் சந்திப்புகளில் செம்மஞ்சள் கொடிகள் வைக்கப்பட்டன. ‘ஒரு கட்டம்தான்’ என்னும் சொல் எல்லாக் கால்களுக்கும் ஒரே பொருள் தருவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

அளவை காட்டும் வாழ்வு

தெருக்கள் வளைந்தும் நெளிந்தும் செல்லும் இடங்களில் கட்டக்கணக்குப் பயன்படுவதில்லை. நேரான தெருக்கள் உள்ள நகரிலேயே அது வாழும். அயலூரார்க்கு விளங்காமற்போவது அதன் குறை. ஊராருக்கு ஒரே நொடியில் விளங்குவது அதன் நிறை. பொது அளவைகள் இடத்தின் இயல்பை நீக்கித் தொலைவை மட்டும் சொல்கின்றன. கட்டமோ தெருவையும் நடப்பவரையும் நேரத்தையும் உடன் கொண்டுவருகிறது. நகரைத் திட்டமிடுவோர் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும். வரைபடத்தில் இடும் ஒரு கோடு, பின்வரும் தலைமுறைகள் நடக்கும் வழியை முடிவுசெய்துவிடுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தொலைவைக் குறிக்க வழங்கும் பேச்சுவழக்குத் தொடர்களைத் தொகுத்து, அவை குறிக்கும் தொலைவை அளந்து அட்டவணைப்படுத்துக.
2. கிழக்கே நான்கு, வடக்கே நான்கு கட்டங்களுக்கு 70 வழிகள் அமைவதைச் சேர்மானங்களைக் கொண்டு நிறுவுக.
3. ‘நடப்பவர்க்கு ஏற்ற நகரம்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.